ஆயிரம் ரூபாய் ரீலுக்கு எதற்குப் பின்னல் நரம்பு?



பதிவு கொஞ்சம் நீளம். தூண்டில் போடும் பழக்கம் இல்லாதவர்கள் தாராளமாகத் தாண்டிப் போகலாம். ஆனால் உங்கள் வீட்டுப் பையன் கையில் ஆயிரம் ரூபாய் ரீல் ஒன்று இருந்தால், அவனைக் கூப்பிட்டு இதை வாசிக்கச் சொல்லுங்கள்.

போன மாதம் என் பழைய மாணவர் ஒருவர் தன் மகனை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பையனுக்கு 17 வயது. வலது கையில் இரண்டு விரலுக்குக் கட்டு, உள்ளே ஐந்து தையல். "தூண்டில் நரம்பு அறுத்துட்டு சார். நீங்களாவது இவனுக்குச் சொல்லுங்க" என்றார்.

விசாரித்தேன். லீவு நாளில் உப்பளத்துக்குப் போய்ச் சேர்த்த காசு. 1,200 ரூபாய்க்கு ராடும் ரீலும் சேர்ந்த செட் வாங்கியிருக்கிறான். அதோடு விட்டிருந்தால் நல்லது. கடையில், "தங்கூஸ் எல்லாம் பழைய காலம் தம்பி, இப்போ எல்லாரும் பிரெய்டுதான்" என்று சொல்லி, 700 ரூபாய்க்கு 100 மீட்டர் பின்னல் நரம்பைத் தலையில் கட்டிவிட்டார்கள். 30 பவுண்டு நரம்பு. தூண்டில் வளைவில் நின்று வீசியிருக்கிறான். (வெளியூர் நண்பர்களுக்கு: கடல் அரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் கல் கொட்டிக் கட்டுகிறார்களே, அதற்குத்தான் தூண்டில் வளைவு என்று பெயர். பெயர் வைத்த புண்ணியவான் யாரோ, அதன் மேல் நின்று ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் தூண்டில் போடுவார்கள் என்று அப்போதே தெரிந்துவைத்திருக்கிறார்.) ஈயம் கல் இடுக்கில் மாட்டிக்கொண்டது. இழுத்தான், வரவில்லை. நரம்பைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு பின்னால் நடந்தான். நரம்பு அறவில்லை. விரல்தான் அறுந்தது.

மூன்று வாரம் வேலைக்குப் போக முடியவில்லை. புண்பட்ட கையோடு உப்புத் தண்ணீரில் யார் இறங்குவது? 700 ரூபாய் நரம்பு அந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு செலவு வைத்தது என்று நீங்களே கூட்டிப் பாருங்கள்.

கையில் சுற்றியது அவன் தப்பு. ஒத்துக்கொள்கிறேன், அவனிடமும் கண்டிப்பாகச் சொன்னேன். ஆனால் 30 பவுண்டு பின்னல் நரம்பை அந்த ரீலுக்குச் சிபாரிசு செய்தவர்களை யார் கண்டிப்பது? கடைக்காரர் ஒருவர் மட்டும் இல்லை. செல்போனைத் திறந்தால் தம்பிமார்கள் வரிசையாக நின்று "பிரெய்டு போடாட்டி வேஸ்ட் புரோ" என்கிறார்கள். அவர்கள் கையில் இருப்பது பதினைந்தாயிரம் ரூபாய் ரீல். கேட்கிற பிள்ளையின் கையில் இருப்பது ஆயிரம் ரூபாய் ரீல். இந்த ஒரு வித்தியாசத்தை ஒருவரும் வாய் திறந்து சொல்வதில்லை. என் கோபமெல்லாம் அதில்தான்.

நான் இடைநிலை ஆசிரியர் பயிற்சி முடித்தவன். நடுநிலைப் பள்ளியில் கணக்கும் அறிவியலும் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். பொறியாளன் இல்லை. ஆனால் இதற்கு ஏழாம் வகுப்புக் கணக்கே போதும்.

முதலில் பொருள் என்ன என்று பார்ப்போம். தங்கூஸ் என்பது நைலான். உருக்கி இழுத்த ஒற்றை இழை. 1935-இல் அமெரிக்காவில் கண்டுபிடித்த சரக்கு. பிரெய்டு என்பது பாலிஎதிலீன் இழைகளை நான்காகவோ எட்டாகவோ சேர்த்துப் பின்னியது. கடைக்கு நாம் தூக்கிப்போகிற பையும் பாலிஎதிலீன்தான், ஆனால் இது அதிலே மிக நீண்ட மூலக்கூறுகளைக் கொண்ட உயர்ந்த வகை. டைனீமா, ஸ்பெக்ட்ரா என்ற பெயர்களில் விற்பது இதுதான். ஒரே பருமனில் எடுத்தால் நைலானைவிட இது பல மடங்கு வலுவானது. அதை யாரும் மறுக்க முடியாது. நான் கேட்பது வேறு: அந்த வலுவை வைத்துக்கொண்டு உன் ரீல் என்ன செய்யப்போகிறது?

30 பவுண்டு என்றால் 13 கிலோவுக்கும் மேல். அந்த 1,200 ரூபாய் ராடின் நுனியில் ஐந்து லிட்டர் தண்ணீர் கேனைக் கட்டித் தூக்கிப் பாருங்கள். வேண்டாம், ராடு முறிந்துவிடும். நான் சொன்னேன் என்று என்னிடம் சண்டைக்கு வராதீர்கள். ராடு தாங்காது, ரீலின் டிராக் தாங்காது, உங்கள் மணிக்கட்டும் தாங்காது. இந்த மூன்றும் தாங்காத பாரத்தை நரம்பு மட்டும் தாங்கி யாருக்கு லாபம்? மாட்டிக்கொண்டால் அறுத்துவிட முடியாது என்ற கஷ்டம் ஒன்றுதான் மிச்சம்.

அடுத்தது இழுவை. நைலான் நீளும். அறுந்துபோகிற கட்டத்தில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்குகூட நீளும். பிரெய்டு நீளாது என்றே வைத்துக்கொள்ளலாம். "அதுதான் சார் நல்லது, மீன் கடிச்சா கைக்கு உடனே தெரியும்" என்பார்கள். உண்மை. ஆனால் மீன் திடீரென்று தலையை உதறும்போது வருகிற அடியும் உடனே வரும். நல்ல ரீலில் டிராக் வழுக்கிக்கொண்டு நரம்பை விட்டுக்கொடுக்கும். விலை குறைந்த ரீலைத் திறந்து பாருங்கள், உள்ளே கம்பளித் துணி மாதிரி இரண்டு மூன்று வாஷர்தான் இருக்கும். அது முதலில் ஒட்டிக்கொண்டு நிற்கும், பிறகு குபீரென்று விடும். ஒட்டிக்கொண்டு நிற்கிற அந்த அரை நொடியில்தான் முள் வாயைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும், இல்லாவிட்டால் ரீலின் பல்சக்கரம் அடி வாங்கும். தங்கூஸ் போட்டிருந்தால் அந்த அரை நொடி நரம்பே நீண்டு கொடுக்கும். எங்கள் ஊர் மினிபஸ்ஸில் ஷாக் அப்சார்பர் போனபின் பின் சீட்டில் உட்கார்ந்து போனவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இனி எனக்குப் பிடித்த பகுதி. கணக்கு.

உங்கள் ரீலின் ஸ்பூல் மேல் 0.30/180 என்று எழுதியிருக்கிறது என்று வையுங்கள். 0.30 மில்லிமீட்டர் நரம்பு 180 மீட்டர் பிடிக்கும் என்று அர்த்தம். நரம்பின் விட்டம் பாதியானால் நீளம் இரண்டு மடங்கு ஆகும் என்று பலர் நினைக்கிறார்கள். தப்பு. குறுக்குவெட்டுப் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எனவே நான்கு மடங்கு. 0.15 பின்னல் நரம்பு என்றால் அந்த ஸ்பூல் நிறைய 720 மீட்டர் வேண்டும். நம் பிள்ளை வாங்கியது 100 மீட்டர். ஸ்பூலில் ஏழில் ஒரு பங்குகூட நிறையாது. ஆழத்தில் கிடக்கும் நரம்பு, வீசும்போது ஒவ்வொரு சுற்றும் ஸ்பூல் விளிம்பில் உரசிக்கொண்டு வெளியே வர வேண்டும். "பிரெய்டு போட்டால் தூரம் போகும்" என்று சொன்னார்களே, அந்தத் தூரம் இங்கேயே செத்துவிட்டது. விளிம்புக்கு இரண்டு மில்லிமீட்டர் கீழே வரை நிறைத்த சாதாரணத் தங்கூஸ், அரைகுறையாகச் சுற்றிய பிரெய்டுக்குத் தூரத்தில் சளைக்காது. தூண்டில் வளைவிலேயே பையனின் ரீலையும் என் ரீலையும் மாற்றி மாற்றி வீசிப் பார்த்தோம். அன்றைக்கு என்னுடையதுதான் தள்ளி விழுந்தது.

"அப்போ அடியில் தங்கூஸ் சுற்றி, மேலே பிரெய்டு சுற்றலாமே?" என்று கேட்பவர் விவரம் தெரிந்தவர். சுற்றலாம். 155 மீட்டர் தங்கூஸ், அதற்கு மேல் 100 மீட்டர் பிரெய்டு. சரியாக வரும். ஆனால் பாருங்கள், 180-க்கு 155 மீட்டர் தங்கூஸ் எப்படியும் வாங்கியாயிற்று. இன்னும் 25 மீட்டர் சுற்றினால் வேலை முடிந்தது. அந்த 25 மீட்டர் இடத்துக்கா 700 ரூபாய்?

அடியில் தங்கூஸ் சுற்றாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை நான் என் மானத்தை விற்றுக் கற்றுக்கொண்டேன். மூன்று வருடம் முன்பு, ஆசை யாரை விட்டது, நானும் பிரெய்டு வாங்கி நேராக ஸ்பூலில் முடிச்சுப் போட்டுச் சுற்றினேன். புன்னைக்காயலில், தாமிரபரணி கடலில் கலக்கிற இடத்தில், நல்ல பாறை மீன் ஒன்று கடித்தது. டிராக்கை முழுக்க இறுக்கியும் நரம்பு போய்க்கொண்டே இருக்கிறது. மீனும் போயிற்று. டிராக் கெட்டுப்போன ரீலை விற்றுவிட்டான் என்று மறுநாள் கடைக்குப் போய்ச் சத்தம் போட்டேன். கடையில் என்னிடம் படித்தவர்கள் இரண்டு பேர் நின்றார்கள். கடைக்காரர் பொறுமையாக நரம்பைப் பிடித்து இழுத்துக் காட்டினார். "அண்ணாச்சி, டிராக் நல்லாத்தான் இருக்கு. ஸ்பூல் நிக்குது, நூல்தான் மொத்தமா சுத்துது." பாலிஎதிலீன் வழவழப்பானது. ஸ்பூலைப் பிடிக்காமல் கொத்தாக வழுக்கிச் சுற்றியிருக்கிறது. அந்த மாணவர்கள் சிரிக்கவில்லை. அதுவே எனக்கு இன்னும் கூச்சமாக இருந்தது.

அந்த வழவழப்பு முடிச்சிலும் வேலையைக் காட்டும். நாம் பழகிய சாதாரண முடிச்சு பிரெய்டில் நழுவும். தனி முடிச்சு கற்க வேண்டும், நுனியில் நைலான் லீடர் சேர்க்க வேண்டும், அந்த இணைப்பு முடிச்சை அலையடிக்கிற கல்லில் நின்றுகொண்டு காற்றில் போட வேண்டும். விலை குறைந்த ரீல் நரம்பைச் சீராகப் பரப்பிச் சுற்றாது. ஓரிடத்தில் மேடு, ஓரிடத்தில் பள்ளம். பெரிய மீன் இழுக்கும்போது மெல்லிய பின்னல் நரம்பு அடியிலுள்ள சுற்றுகளுக்குள் புதைந்துகொள்ளும். அடுத்த வீச்சில் ஈயம் மட்டும் தனியே பறக்கும். தளர்வாகச் சுற்றினாலோ, கொத்தாக வெளியே வந்து கூடு கட்டிக்கொள்ளும். தங்கூஸ் சிக்கை உட்கார்ந்து பிரித்துவிடலாம். பிரெய்டு சிக்குக்குக் கத்திரிக்கோல்தான்.

கல்லில் உரசுவதைப் பற்றி ஒரே வரி. தூண்டில் வளைவுக் கல் முழுக்கச் சிப்பியும் கொட்டலசும். இழுவையில் இருக்கும் பிரெய்டு அதில் பட்டால் போயிற்று. தங்கூஸ் கொஞ்சம் உரசல் தாங்கும்.

பிரெய்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. குளத்தில் பாசிக்கும் ஆம்பலுக்கும் நடுவே ரப்பர் தவளை போட்டு விரால் பிடிக்கிறவருக்குப் பிரெய்டுதான் சரி. செடியை அறுத்துக்கொண்டு வரும். படகில் போய் ஆழத்தில் ஜிக் இறக்குகிறவருக்கும் அதுவே. நாள் முழுக்கச் செயற்கை இரையை வீசி வீசி இழுப்பவர், நல்ல ரீல் வைத்திருப்பவர், அவர்கள் என்னைவிட விவரமானவர்கள். தங்கூஸிலும் குறை உண்டு. சுருள் விழும், வெயிலில் பலவீனமாகும், தண்ணீரில் ஊறினால் வலு கொஞ்சம் குறையும். அதனால் வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். ஒரு உருளை 150 ரூபாய்க்குள் கிடைக்கிறது. மாற்றுங்கள், என்ன போயிற்று?

ஆனால் உயிர் இறாலைக் கோர்த்து, ஈயம் போட்டு, கரையில் காத்திருக்கிற நம் பிள்ளைகளுக்கு 0.30 தங்கூஸ் போதும். கல் அதிகமுள்ள இடமென்றால் 0.35. டிராக்கை நரம்பின் வலுவில் மூன்றில் ஒரு பங்குக்கு வையுங்கள். பள்ளி ஆய்வகத்தில் சுருள்வில் தராசு பார்த்திருப்பீர்களே, அதைக் கொக்கியில் மாட்டி இழுத்தால் எத்தனை கிலோவில் நரம்பு விடுகிறது என்று கண்ணால் தெரியும். மிச்சக் காசுக்கு நல்ல முள் வாங்குங்கள். துருப்பிடித்த மொட்டை முள்ளில் 700 ரூபாய் நரம்பைக் கட்டியிருக்கிறவர்களை நான் வாரா வாரம் பார்க்கிறேன்.

எந்த நரம்பானாலும் சரி, கல்லில் மாட்டினால் கையில் சுற்றாதீர்கள். ஒரு கட்டையிலோ துணி சுற்றிய குச்சியிலோ சுற்றி இழுங்கள். அறுந்த துண்டைக் கல்லிடுக்கில் விடாமல் சுருட்டி வீட்டுக்கு எடுத்து வாருங்கள். கொக்கு காலில் சுற்றிக்கொண்டு நொண்டியதை ஒரு முறை பார்த்துவிட்டேன்.

பையனுக்குத் தையல் பிரித்தாயிற்று. அவன் பிரெய்டைக் கழற்றி ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் சுற்றி வைக்கச் சொல்லியிருக்கிறேன். சம்பாதித்து நல்ல ரீல் வாங்கும்போது எடுத்துக்கொள்ளட்டும், அது கெட்டுப்போகாது. வருகிற ஞாயிறு காலை ஐந்தரைக்கு இரண்டு பேரும் புன்னைக்காயலில் இருப்போம். என் பையில் 0.30 தங்கூஸ் இரண்டு உருளை இருக்கும். ரீலோடு வருகிற பிள்ளைகளுக்கு நானே சுற்றித் தருகிறேன். காசு வேண்டாம். ஈரத் துணி ஒன்று மட்டும் கொண்டு வாருங்கள், நரம்பை அதற்குள் பிடித்துச் சுற்ற வேண்டும்.