வசனம் மந்திரம் இல்லை



சின்ன வயசில் ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனம் ஒப்பிப்பதில் நான்தான் முதல். பரிசாக வாங்கிய டிபன் பாக்ஸ்கள் இன்னும் வீட்டில் இருக்கின்றன. அதே நான்தான் 2024-இல் அம்மா கட்டணத்துக்குக் கொடுத்த பணத்தில் 4,000 ரூபாயை ஆன்லைன் ரம்மியில் விட்டேன். ஆடும்போது 119-ஆம் சங்கீதத்தின் 11-ஆம் வசனம் மனதில் ஓடிக்கொண்டேதான் இருந்தது. வாய் வசனம் சொன்னது, விரல் சீட்டைப் போட்டது.

அப்படியானால் மனப்பாடம் வீணா? நாவலூரில் பஸ் ஏறி சோழிங்கநல்லூர், மேடவாக்கம் தாண்டி தாம்பரம் போகும்வரை பல நாள் இதையே யோசித்திருக்கிறேன்.

மத்தேயு 4-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். வனாந்தரத்தில் மூன்று சோதனைகளுக்கும் இயேசு உபாகமத்திலிருந்தே பதில் சொன்னார். ஒன்று 8-ஆம் அதிகாரம், மற்ற இரண்டும் 6-ஆம் அதிகாரம். பசிக்கு ஒரு பதில், வீண் துணிச்சலுக்கு ஒரு பதில், ஆட்சி ஆசைக்கு ஒரு பதில். ஆனால் பிசாசும் அங்கே 91-ஆம் சங்கீதத்தைச் சொல்கிறான்! வசனம் தெரிந்தால் போதும் என்றால் அவனும் பாஸ்தான்.

நாலாம் நூற்றாண்டில் எவாக்ரியுஸ் என்ற துறவி எகிப்தில் இருந்தார். மனிதனைத் தாக்கும் எண்ணங்களை எட்டு வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பதிலாகச் சொல்ல வேத வசனங்களைத் திரட்டி ஒரு புத்தகமே எழுதினார். பண ஆசைக்குத் தனிப் பகுதி உண்டு. இதைவிட முக்கியமான விஷயம், கான்ஸ்டாண்டிநோப்பிளில் திருமணமான ஒரு பெண்மேல் ஆசை வந்தபோது அவர் அந்த ஊரையே விட்டுக் கிளம்பியவர். யோசேப்பும் போத்திபாரின் வீட்டில் அங்கியை விட்டுவிட்டு ஓடத்தானே செய்தான்?

என் கருத்து இதுதான். வசனம் எச்சரிக்கை மணி. மணி அடித்த பிறகு எழுந்து நடக்க வேண்டியது நம் கால்கள். நான் மணியைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

பிறகு அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டு விழுந்தது. அவர் முன்னாலேயே அந்த ஆப்பை அழித்தேன். 1 தீமோத்தேயு 6-ஆம் அதிகாரத்தில் பண ஆசை பற்றிய பகுதியை இந்த முறை பரிசுக்காக இல்லாமல், அர்த்தம் புரிந்து படித்தேன். நம்ம பாஷையில் சொன்னால், கணக்கில் முன்பே போட்டு வைத்தால்தான் அவசரத்துக்கு எடுக்க முடியும். சோதனை நேரத்தில் புதிதாகத் தேடினால் கிடைக்காது.

2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்து நாடாளுமன்றம் சட்டம் போட்டது. ஆசைக்குத் தடை போட யாரால் முடியும்? இப்போது அது ஆப்ஷன் டிரேடிங் என்ற பெயரில் வகுப்பிலேயே சுற்றுகிறது. காமர்ஸ் படிக்கிற நமக்கு அது படிப்பு மாதிரியே தெரியும். 2021-22 முதல் 2023-24 வரை பங்குச்சந்தையின் எஃப் அண்ட் ஓ பிரிவில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம் என்று செபியே 2024 செப்டம்பரில் சொன்னது.

போன வாரம் ஒரு நண்பன் என்னையும் கூப்பிட்டான். மணி அடித்தது. இந்த முறை எழுந்து கேன்டீனுக்குப் போய்விட்டேன்.