உரசல் வந்தால் ஓடிவிடுவதா?

புது மருமகள் வந்த முதல் வாரம் சமையலறையில் மரியாதை பொங்கி வழியும். "நீ உட்காரம்மா" என்பார் மாமியார். "இல்லை அத்தை, நானே செய்கிறேன்" என்பாள் மருமகள். மூன்றாவது வாரம் ரசத்துக்கு எவ்வளவு புளி என்பதில் வழக்கு தொடங்கும்! பிறகு மெள்ள மெள்ள, இன்னது உன் பொறுப்பு, இன்னது என் பொறுப்பு என்று ஓர் ஒழுங்கு ஏற்படும். அப்புறம் திடீரென்று பத்து விருந்தாளிகள் வந்து நின்றாலும் கவலை இல்லை.

உத்தியோகம் பார்க்கும் இடத்திலும் இதே கதைதான். கூடுவது, உரசுவது, ஒழுங்குபடுவது, உழைப்பது என்று எந்தக் குழுவும் நான்கு படிகளில் வளர்கிறது என்றார் புரூஸ் டக்மன் என்ற அமெரிக்க மனோதத்துவ நிபுணர். அவர் இதை எழுதியது 1965-ல். இரண்டாவது படியிலேயே மனம் கசந்து, "இந்த வேலையே வேண்டாம்" என்று வீடு திரும்பிவிடும் பெண்கள் உண்டு. பாவம், அடுத்த படி பக்கத்திலேயே இருப்பது அவர்களுக்குத் தெரிவதில்லை!

ஆனால் அந்த மூன்றாவது படி தானாக வந்துவிடாது. யாராவது கட்ட வேண்டும். எப்படிக் கட்டுவது என்பதை நம் மதுரையிலேயே பார்க்கலாம்.

டாக்டர் கோ. வெங்கடசாமி சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபின், 1976-ல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 58. மூட்டு வாதத்தால் விரல்கள் கோணிப்போனவர் அவர். தங்கை டாக்டர் நாச்சியாரும், அவர் கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமியும் துணை நின்றார்கள். குடும்பமே குழு!

ஆனால் கண்புரையால் பார்வை இழந்தவர்களோ ஏராளம். ஒரு குடும்பம் எத்தனை பேருக்குத்தான் வைத்தியம் பார்க்க முடியும்? ஆகவே பள்ளிப் படிப்பு முடித்த கிராமத்துப் பெண்களைச் சேர்த்து, இரண்டு வருஷம் பயிற்சி கொடுத்தார்கள். பார்வையைச் சோதிப்பது, கண்ணின் அழுத்தத்தை அளப்பது, நோயாளியை ஆபரேஷனுக்குத் தயார் செய்வது எல்லாம் இந்தப் பெண்களின் பொறுப்பு. ஒரு மேஜையில் ஆபரேஷன் நடக்கும்போதே பக்கத்து மேஜையில் அடுத்த நோயாளி தயாராகிவிடுவார். டாக்டர் தாம் மட்டுமே செய்யக்கூடிய வேலையைச் செய்தால் போதும். நேற்றுக் கற்றுக்கொள்ள வந்தவள், அனுபவம் முதிர்ந்ததும் நாளை வருகிறவளுக்குக் கற்றுக் கொடுக்கிறாள். குழு வளர்வது என்றால் இதுதான்.

இதில் கஷ்டமான பங்கு பெரியவர்களுடையது. "நான் செய்தால்தான் சரியாக வரும்" என்ற எண்ணத்தை விடுவது லேசா? புதிதாக வந்தவளிடம் ஒரு வேலையை முழுசாக ஒப்படையுங்கள். அவள் முதுகுக்குப் பின்னால் அதையே மறுபடி செய்யாதீர்கள்.

புதிதாக வேலைக்குப் போயிருக்கும் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. உரசல் வந்ததும் ராஜினாமாக் கடிதத்துக்குக் காகிதம் தேட வேண்டாம். "இதில் என் பொறுப்பு எது?" என்று நேராகக் கேட்டுவிடுங்கள். பாதிச் சண்டை அந்தக் கேள்வியிலேயே தீர்ந்துவிடும்.