இராமன் கறுப்பு, மேடையில் மட்டும் ஏன் வெளுப்பு?



இப்பதிவு சிலருக்குக் கசக்கும். கசந்தாலும் எழுதத்தான் வேண்டியிருக்கிறது. நம் தமிழ்ப்பள்ளி நிகழ்ச்சிகளிலும், நவராத்திரி மேடைகளிலும், தொலைக்காட்சி ஆடற்போட்டிகளிலும் சீதை யார், கண்ணன் யார், வள்ளி யார் என்பதை முடிவு செய்வது எது? அரைமண்டியா? அபிநயமா? தாளக்கட்டா? இவை யாவும் பிற்பாடு. முதலில் பார்க்கப்படுவது தோலின் நிறம். வெளுத்த பிள்ளைக்குத் தலைவி வேடம். கறுத்த பிள்ளைக்குச் சூர்ப்பணகை, வேடன், அரக்கன். அவையும் தீர்ந்துவிட்டால் மூன்றாம் வரிசை. இதை எவரும் விதியாக எழுதி வைத்திருக்கவில்லை. "அந்த முகம் மேடையில் எடுபடாது" என்ற ஒரே வரியில் காரியம் முடிந்துவிடுகிறது.

நான் நாட்டியம் கற்றவள் அல்லள், இடைவிடாமல் பார்ப்பவள். பங்சாரிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் கூப்பிடு தூரம். ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் படித்த நாள்தொட்டு, ஜாலான் பெர்ஹாலாவில் இருக்கும் டெம்பள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் நிகழ்ச்சிகளையும், ரம்லி இப்ராகிம் அவர்களின் சூத்ரா குழுவினரின் ஒடிசியையும் இயன்றபோதெல்லாம் பார்த்து வருகிறேன். சம்பளத்தில் ஒரு பகுதி நுழைவுச்சீட்டுக்கே போகிறது என்று வீட்டில் குறைப்பட்டுக்கொள்வார்கள். அது நிற்க.

அண்மையில் கிள்ளான் பள்ளத்தாக்கிலுள்ள ஒரு பள்ளியின் (பெயர் வேண்டா) பரிசளிப்பு விழாவுக்கு இராமாயண நாட்டிய நாடகம் ஒன்று தயாரானது. ஒத்திகையைக் கண்டேன். ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி; அவளைப்போல் அரைமண்டியில் அமர்ந்து, முதுகு வளையாமல் தட்டடவை மூன்று காலத்திலும் ஆட அந்தக் குழுவில் வேறு பிள்ளை இல்லை. அவளுக்குக் கிடைத்தது சூர்ப்பணகை. இராமனாக நின்றவள் நல்ல பிள்ளைதான், ஆனால் தாளம் தப்புகிறாள். நிறம் மட்டும் தப்பவில்லை! விழா நாளன்று அந்த 'இராமனுக்கு' முகத்திலும் கையிலும் நீலச்சாயம் பூசினார்கள். வெளுத்த பிள்ளையைத் தேடிப் பிடித்து, பிறகு அவளைக் கருநீலமாக்க ஒப்பனைக்காரருக்குப் பணமும் கொடுத்தார்கள். இதைவிடப் பெரிய வேடிக்கையை நான் எந்த அரங்கிலும் பார்த்ததில்லை.

தமிழ் கற்பிக்கும் நாம் இதைக் கண்டு வாளாவிருக்கலாமா? இராமனின் மேனி நிறத்தைச் சொல்ல மையையும் மரகதத்தையும் கடலையும் மழைமேகத்தையும் உவமையாகத் தேடித் தேடி அலைந்தவர் கம்பர். கண்ணன் என்ற பெயரோடு கருமை ஒட்டிக்கொண்டே வருகிறது. கார்முகில் வண்ணன் என்று வகுப்பில் பொருள் சொல்லிக் கொடுக்கிறோம். திரௌபதியின் மறுபெயர் கிருஷ்ணை. அதற்குக் கரியவள் என்று பொருள். வள்ளியோ வெயிலில் பரண்மீது நின்று தினைப்புனம் காத்த குறமகள். அவளைப் பாலில் குளித்தவள்போல் காட்டினால் கதையே பொய்யாகிறது. சூர்ப்பணகையை எடுத்துக்கொள்ளுங்கள். கம்பராமாயணத்தில் அவள் இராமன்முன் வருவது பேரழகியாக உருமாறி. ஆக, அழகுக்குத்தான் பாத்திரம் என்போர்கூட அந்த வேடத்தைத் தங்கள் 'அழகுப் பிள்ளைக்கு' அல்லவா கொடுத்திருக்க வேண்டும்? நூலைப் படித்துப் பாத்திரம் பகிர்ந்திருந்தால் இந்தக் குழப்பம் வந்திராது. படிக்காமல் முகத்தைப் பார்த்துப் பகிர்கிறோம்.

"மரபு அப்படித்தான்" என்று சொல்லவும் வழியில்லை. தெருக்கூத்தில் முகம் முழுவதும் வண்ணம் பூசி, ஆடவரே திரௌபதியாக ஆடுகிறார்கள். விடிய விடிய உட்கார்ந்திருக்கும் கிராம மக்கள் நடிகரின் சொந்த நிறத்தைப் பற்றிக் கேட்பதில்லை. கதகளியில் நாயகனுக்குப் பச்சை முகம். வண்ணம் பாத்திரத்துக்கு உரியது, ஆடுபவரின் தோலுக்கு உரியதன்று என்பதே அந்த மரபுகளின் ஏற்பாடு. நம் நாட்டிலேயே பாருங்கள். ரம்லி இப்ராகிம் மலாய்க்காரர்; ஆஸ்திரேலியாவில் பாலே பயின்று, சிட்னி நாட்டியக் குழுவில் ஆடி, பிறகு ஒடிசியைக் கற்று 1983இல் சூத்ராவைத் தொடங்கினார். 2018இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கியது. ஒடிசாவின் ஆடலை ஒரு மலாய் ஆடவர் ஆடுவதை ஏற்றுக் கைதட்டும் நாம், நம் பிள்ளைகளில் கறுத்தவள் சீதையாக நிற்பதை ஏற்க மாட்டோமாம்.

இந்த நோய் முற்றியதற்குத் தொலைக்காட்சி பெருங்காரணம் என்பது என் உறுதியான கருத்து. 2006இல் விஜய் தொலைக்காட்சியில் 'ஜோடி நம்பர் 1', அடுத்த ஆண்டே கலைஞர் தொலைக்காட்சியில் 'மானாட மயிலாட'. ஆடுவதற்கு அழைக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் நெடுந்தொடர்களில் முகம் தெரிந்தவர்கள். ஆடத் தெரிந்தவரைத் தேடுவது அங்கே இரண்டாம் வேலை. படப்பிடிப்பைக் கவனியுங்கள்: ஓர் அடவு தொடங்கும் கணத்தில் கேமரா முகத்துக்குத் தாவும், அங்கிருந்து நடுவரின் கண்ணீருக்கு, அங்கிருந்து பார்வையாளரின் வாய்பிளப்புக்கு. திரும்பி வருவதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். பாதம் எங்கே? பரதத்துக்குப் பாதமே அடித்தளம். பாதத்தை வெட்டிவிட்டு முகத்தை மட்டும் காட்டிக்கொண்டிருந்தால், முகமே தகுதி என்று பார்ப்பவர் மனம் பழகத்தானே செய்யும்? நம் ஊர்ப் போட்டிகளும் அதே அச்சில்தான் வார்க்கப்பட்டன. இப்போது கைப்பேசி வந்து இன்னும் மோசம். மகளின் முகத்தை மட்டும் பெரிதாக்கிப் பதிவு செய்யும் பெற்றோருக்கு அவள் காலில் என்ன ஆடினாள் என்பது கடைசிவரை தெரியாது.

படம்பிடிப்பதே குற்றம் என்று சொல்லவில்லை. 1976இல் சத்யஜித் ரே பாலசரஸ்வதியைப் பற்றி 'பாலா' என்ற ஆவணப்படம் எடுத்தார். அம்மையாருக்கு அப்போது வயது ஐம்பத்தெட்டை ஒட்டி. கடற்கரையில், காற்று புடைவையை அலைக்கழிக்க, 'கிருஷ்ணா நீ பேகனே' பாடலுக்கு அவர் அபிநயம் பிடிப்பதைக் காணுங்கள். இளமையும் இல்லை, மேடை மினுமினுப்பும் இல்லை. தாய் ஒருத்தி குழந்தையை அழைக்கிறாள், அவ்வளவுதான். இன்றைய போட்டி ஒன்றின் தேர்வுக்கு அவர் போயிருந்தால் வாயிலிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

பாலே உலகத்தை உயர்வாகப் பேசுவோர்க்கு ஒரு செய்தி. அங்கேயும் இதே பிணி நெடுங்காலம் இருந்தது. ஆனால் அவர்கள் வெளிப்படையாகச் சண்டையிட்டுக்கொண்டிருக்கிறார்கள். அமெரிக்கன் பாலே தியேட்டரில் 2015இல்தான் மிஸ்டி கோப்லண்ட் முதன்மை நடனமணியானார். அந்நிலையை அடைந்த முதல் ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண் அவரே. லண்டனில் பாலே பிளாக் குழுவினருக்காகப் பழுப்பு நிற முனைக்காலணியை ஃபிரீட் நிறுவனம் 2018இல் கொண்டுவந்தது. அதுவரை கறுத்த ஆட்டக்காரர்கள் இளஞ்சிவப்புக் காலணிமீது தங்கள் நிறத்துக்கேற்ற ஒப்பனைப்பூச்சைத் தாங்களே தடவிக்கொண்டிருந்தார்கள். இத்தனைக்கும் 'அன்ன ஏரி' நாடகத்தில் வெள்ளை அன்னத்தையும் கரிய அன்னத்தையும் வழக்கமாக ஒருத்தியேதான் ஆடுகிறாள்!

நம் பக்கம் வருவோம். 2024 மார்ச்சில் கேரளத்தில், மோகினியாட்டக் கலைஞர் ஒருவர் நேர்காணலில், கறுத்த ஆடவர் மோகினியாட்டம் ஆடக்கூடாது என்ற பொருளில் காக்கை நிறத்தோடு ஒப்பிட்டு இழித்துப் பேசினார். அது முனைவர் ஆர்.எல்.வி. இராமகிருஷ்ணனைக் குறித்ததென்றே அனைவரும் கொண்டனர். ஊரே கொதித்தெழுந்தது. கேரளக் கலாமண்டலம் அப்பேச்சிலிருந்து விலகிக்கொண்டு, அவரை ஆட அழைத்தது. 2025இல் அவர் அங்கேயே பரதநாட்டிய உதவிப் பேராசிரியரானார். ஒருவர் வாய்விட்டுச் சொன்னதால் அங்கே சண்டை மூண்டது, முடிவும் வந்தது. நம் பள்ளிகளில் எவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. மனத்துக்குள் வைத்துக்கொண்டு பட்டியலை மட்டும் ஒட்டிவிடுகிறோம். பத்து வயதுப் பிள்ளை எதை எதிர்த்துப் பேசும்?

"விளக்கு வெளிச்சத்தில் கறுத்த முகம் தெரியாது டீச்சர்" என்று ஒப்பனைக்காரர்களும் சில நாட்டிய ஆசிரியைகளும் சொல்வதுண்டு. தெரியாததற்குக் காரணம் முகமன்று. பின்னால் தொங்கும் கறுப்புத் திரையும் நேர் மேலிருந்து விழும் வெள்ளை விளக்கும். திரையை வெளிர் நீலமாக்குங்கள். பக்கவாட்டிலிருந்து இளமஞ்சள் விளக்கு கொடுங்கள். கையிலும் காலிலும் சிவப்புச் சாயம் நன்கு பிடிக்கட்டும். முத்திரை கடைசி வரிசைவரை தெரியும். மாறாக, இரண்டு மடங்கு வெளுத்த பூச்சை அப்பினால் முகம் சாம்பல் பூத்துப்போகும். கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம், காது இன்னொரு நிறம். 'ஃபேர் அண்டு லவ்லி' நிறுவனத்தாரே 2020இல் அந்த 'ஃபேர்' என்ற சொல்லைக் கைவிட்டுவிட்டார்கள். நம் ஒப்பனைப் பெட்டி மட்டும் கைவிட மறுக்கிறது.

பெற்றோரே, உங்களிடமும் கேட்க இருக்கிறது. பாத்திரப் பட்டியல் வெளியானதும் ஆசிரியைக்குத் தொலைபேசியில் அழைத்து, "என் பிள்ளை வெள்ளையாத்தானே இருக்கா, ஏன் ராதை கொடுக்கல?" என்று கேட்போர் உங்களில் இல்லையா? அந்த அழைப்பை எதிர்பார்த்தே பல ஆசிரியைகள் முன்கூட்டியே பட்டியலை 'சரிசெய்து' விடுகிறார்கள். பங்சார் ஒரு காலத்தில் இரப்பர்த் தோட்டம். நம்மில் பலருடைய பாட்டனும் பாட்டியும் இப்படிப்பட்ட தோட்டங்களில் வெயிலில் நின்று உழைத்தவர்கள். அவர்கள் நிறம் நம் பிள்ளைக்கு வந்திருப்பதில் மறைக்க என்ன இருக்கிறது?

அடுத்த நிகழ்ச்சிக்குத் தயாராகும் ஆசிரியர்கள் இதைச் செய்து பாருங்கள். வேடம் பகிருமுன் எல்லாப் பிள்ளைகளையும் ஒரே அடவை மூன்று காலத்திலும் ஆடவிட்டு, ஒரே காட்சிக்கு அபிநயம் பிடிக்கச் செய்யுங்கள். நாட்டிய ஆசிரியை ஒருவரும், பிள்ளைகளைத் தெரியாத வேறொருவரும் தனித்தனியே மதிப்பெண் இடட்டும். மதிப்பெண்ணைப் பட்டியலோடு ஒட்டுங்கள். தொலைபேசியில் அழைக்கும் பெற்றோரிடம் அதைக் காட்டலாம். ஒப்பனைக்காரர் வரும்போது ஒரே புட்டியோடு வந்தால் வாசலிலேயே நிறுத்துங்கள். ஐந்தாறு நிறங்களில் பூச்சு கடைகளில் கிடைக்கிறது. பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஒருமுறை வாங்கிக் கொடுத்தால் பல நிகழ்ச்சிகளுக்கு வரும். இராமனுக்குப் பூசும் நீலச்சாயச் செலவும் மிச்சம்.