மாரி பிறந்தது, மழலையர் கவனம்!

வெள்ளம் வருமுன் அணை கோல வேண்டும் என்பர் நம் முன்னோர். ஐப்பசி கழிந்து கார்த்திகையும் பிறந்துவிட்டது. சோளகம் ஓய்ந்து வாடை வீசுகின்றது. மேலைநாட்டார்க்குக் குளிர்காலம் என்றால் உறைபனியும் கணப்பும் நினைவுக்கு வரும். இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் வாழ்வோர்க்கோ அது மாரிகாலம். ஆண்டு முழுமைக்குமான மழையின் பெரும்பங்கை ஐப்பசி முதல் தை வரையுள்ள சில மாதங்களே நமக்கு அளிக்கின்றன. குளம் நிறைவதும், கிணறு ஊறுவதும், வயல் பச்சை போர்ப்பதும் இக்காலத்திலேதான். விளக்கீடும், திருவெம்பாவையும், நத்தாரும், பொங்கலும் ஒன்றன்பின் ஒன்றாய் வந்து வீட்டை நிறைப்பதும் இக்காலத்திலேதான்.

ஆயினும் ஆரம்ப வகுப்புகளிற் பயிலும் சிறுவர்க்கு இதைப்போற் சோதனையான காலம் வேறில்லை. ஆகவே, ஒன்று முதல் ஐந்தாம் தரம் வரை பிள்ளைகளை அனுப்பும் பெற்றார்க்கு நினைவூட்ட வேண்டிய சிலவற்றை இவ்வாரம் எடுத்துக்கொண்டோம்.

ஒற்றைச் சட்டையின் கதை

சென்ற மாரியில் ஒரு காலைப்பொழுது, அலுவல் ஒன்றின் பொருட்டு ஒரு பாடசாலைக்குச் சென்றிருந்தோம். வாயிலருகே ஏழு வயது மதிக்கத்தக்க சிறுவன் ஒருவன் தனியே நின்றான். சட்டை ஈரம், காலிற் சப்பாத்து இல்லை. காரணம் கேட்டோம். மூன்று நாள் வராமல் இருந்து இன்று வந்தானாம். சப்பாத்து இல்லாமல் வந்ததற்காக நிறுத்திவைக்கப்பட்டிருந்தானாம். "ஏன் தம்பி மூன்று நாள் வரவில்லை?" என்றோம். "சட்டை காயவில்லை" என்றான். அந்த ஒரு சொல்லுக்கு மேல் அவன் பேசவில்லை. அவனிடம் இருந்தது ஒரே ஒரு வெள்ளைச் சட்டை.

நாம் அன்று வெட்கினோம். இந்நாட்டிற் கல்வி இலவசமானது 1945இல். பாடநூல்கள் இலவசமாக வழங்கப்பட்டு வருவது 1980 முதல். சீருடைத் துணி வழங்கப்பட்டு வருவது 1993 முதல். இத்தனையும் இருந்தும், கொடியிற் காயாத ஒரு சட்டை ஒரு பிள்ளையை மூன்று நாள் வகுப்புக்கு வெளியே வைத்துவிட்டது! ஆரம்ப வகுப்பில் மூன்று நாள் என்பது சிறிதன்று. எழுத்துக்கூட்டக் கற்கும் பிள்ளைக்கு மூன்று நாளில் ஒரு பாடமே தவறிப்போகும். தவறியதன்மேற் கட்டப்படும் அடுத்த பாடமும் ஆட்டங்காணும்.

ஆகவே அதிபர்களையும் வகுப்பாசிரியர்களையும் நாம் பணிவுடன் வேண்டுவது ஒன்றுண்டு. மாரி ஓயும்வரையேனும் சப்பாத்தையும் சீருடையையும் காரணங் காட்டிச் சிறு பிள்ளைகளை வாயிலில் நிறுத்தாதிருங்கள். ஒழுங்கு வேண்டியதுதான். ஆனால் வானம் செய்த குற்றத்துக்குப் பிள்ளை தண்டனை பெறலாமா? நிற வேறுபாடுள்ள சட்டையுடன் வந்தாலும் வந்த பிள்ளை படிக்கும். வராத பிள்ளைக்கு யார் படிப்பிப்பது?

பெற்றார் செய்யத்தக்கதும் உண்டு. பாடசாலை விட்டு வந்தவுடனே சட்டையை அலசிப் பிழிந்து, உலர்ந்த துவாய் ஒன்றினுட் சுருட்டி அமுக்கினால் நீரின் பெரும்பகுதி துவாய்க்குப் போய்விடும். பின்னர் காற்றோட்டமுள்ள தாழ்வாரத்திலோ அடுப்படிக்குச் சற்று எட்டத்திலோ விரித்துப்போட்டால் விடியுமுன் காய்ந்துவிடும். சப்பாத்தினுள் பழைய பத்திரிகைத் தாளைத் திணித்து வைத்தால் ஈரத்தை அது உறிஞ்சும். காலையிற் சப்பாத்தை உதறிப் பார்த்த பின்னரே பிள்ளையின் காலில் இடுங்கள். மழைக்கு ஒதுங்கிய தேளோ பாம்போ உள்ளே இருக்கக்கூடும். புத்தகங்களையும் கொப்பிகளையும் பையில் இடுமுன் ஒரு பொலித்தீன் உறையில் இட்டால் ஆண்டிறுதி வரை அவை நல்ல நிலையில் இருக்கும்.

வளர்ந்த பிள்ளைகளின் குறுகிப்போன சீருடைகள் உங்கள் வீட்டுப் பெட்டியிற் கிடக்குமாயின், அவற்றைத் துவைத்து மடித்து வகுப்பாசிரியரிடம் ஒப்படையுங்கள். யாருக்குக் கொடுப்பது என்பது அவருக்குத் தெரியும். கொடுத்தவர் பெயரும் பெற்றவர் பெயரும் வெளியே வராதிருத்தல் நன்று.

வழியும் வெள்ளமும்

2024 நவம்பர் 26ஆம் நாள் அம்பாறை மாவட்டத்து மாவடிப்பள்ளிக்கு அருகே நிகழ்ந்ததை எந்தப் பெற்றாரும் மறத்தற்கில்லை. வீடு திரும்பிய மத்ரஸா மாணவரை ஏற்றிச்சென்ற உழவியந்திரம், வீதியைக் குறுக்கறுத்து ஓடிய வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது. மாணவர் பலர் உயிரிழந்தனர். மறு ஆண்டு, 2025 நவம்பர் இறுதியில், 'டித்வா' புயல் நாட்டைத் தாக்கிற்று. மலையகத்தின் மண்சரிவுகளும் தாழ்நிலங்களின் வெள்ளமும் பல நூறு உயிர்களைப் பறித்தன. 1964 டிசம்பரில் மன்னாரைத் தாக்கிய புயலையும், 1978 நவம்பரில் மட்டக்களப்பைத் துடைத்த சூறாவளியையும் வீட்டிலுள்ள முதியோரிடம் கேட்டால் இன்றும் சொல்வர். நம் பெரும்புயல்களிற் பல கார்த்திகை, மார்கழியிலேயே வந்திருக்கின்றன.

ஆதலின் ஒன்றைத் திட்டமாகக் கொள்ளுங்கள். ஓடும் நீர் வீதியை மூடியிருந்தால் அதனைக் கடக்கலாகாது. விரைந்தோடும் நீர் அரை அடி ஆழமாயினும் வளர்ந்தவரையே நிலை தடுமாறச் செய்யும். இரண்டடி நீர் மோட்டார் வண்டியையே மிதக்கச் செய்யும். "தினமும் போகும் வழிதானே" என்னும் துணிவே ஆபத்து. நீரின் கீழே மதகு உடைந்திருப்பதை மேலிருந்து காண இயலாது.

மலைச்சரிவுகளில் வாழ்வோர் நிலத்திற் புதிதாக வெடிப்புத் தோன்றுதல், மரங்களும் கம்பங்களும் சாய்தல், ஊற்று நீர் திடீரெனக் கலங்குதல் அல்லது மறைதல் ஆகிய குறிகளைக் கண்டால் விடியட்டும் என்று காத்திராது வெளியேற வேண்டும். தேசியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் மண்சரிவு எச்சரிக்கைகளை வானொலியிலோ கைத்தொலைபேசியிலோ கவனித்து வாருங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் தொலைபேசி எண் 117; நோயாளர் காவு வண்டிக்கு 1990. இவ்விரண்டு எண்களையும் வீட்டுச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். எழுத்தறியத் தொடங்கிய பிள்ளைக்கு இலக்கம் வாசிக்கும் பயிற்சியாகவும் அது அமையும்.

பாடசாலை இடையில் விடப்பட்டாற் பிள்ளை யாருடன் வருவது, நீங்கள் வரும்வரை எங்கே காத்திருப்பது என்பதை வகுப்பாசிரியருடன் இன்றே பேசி முடிவு செய்யுங்கள். பிள்ளைக்கும் சொல்லி, மறுபடி அதன் வாயாற் சொல்லக் கேளுங்கள்.

நுளம்பும் நோயும்

மாரிக்குப் பின்னே வருவது காய்ச்சல். டெங்கு நுளம்பு தூய நீரிலே பெருகுவது. முட்டை நுளம்பாவதற்கு ஏழு முதல் பத்து நாட்களே போதும். ஆதலின் வாரத்தில் ஒருநாள், ஞாயிற்றுக்கிழமை என்றே வைத்துக்கொள்வோம், வளவைச் சுற்றி வாருங்கள். சிரட்டை, தகரப் பேணி, யோகட் கோப்பை, பழைய டயர், பூச்சாடித் தட்டு, பீலி ஆகியவற்றில் தேங்கிய நீரைக் கொட்டுங்கள். கொட்டினால் மட்டும் போதாது. பாத்திரத்தின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவவும் வேண்டும். நீர்மட்டத்துக்கு மேலே ஒட்டியிருக்கும் முட்டைகள் மாதக்கணக்கில் உலர்ந்து கிடந்து, மறுமழையில் உயிர்பெற வல்லவை. இவ்வேலையைப் பிள்ளைகளுடன் சேர்ந்து செய்தால் அவர்களுக்கு அது வேட்டை விளையாட்டாகும்.

பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் வயதுக்கும் நிறைக்கும் ஏற்ற அளவிற் பரசிற்றமோல் கொடுக்கலாம். அஸ்பிரின், இபுபுரோபன் போன்றவற்றைக் கொடுத்தலாகாது. டெங்காயின் அவை குருதிப் பெருக்கை வருவிக்கும். நீராகாரம் நிறையக் கொடுத்து, தாமதியாது வைத்தியரிடம் காட்டுங்கள். காய்ச்சல் தணிந்ததும் நோய் நீங்கிற்று என மகிழ்வது பெரும் பிழை. டெங்கில் அபாய வேளை பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும்போதே தொடங்குகின்றது. வயிற்றுவலி, தொடர் வாந்தி, கைகால் குளிர்தல், சோர்ந்து உறங்குதல், சிறுநீர் குறைதல் இவற்றில் ஒன்று காணினும் வைத்தியசாலைக்கு விரைக.

எலிக்காய்ச்சலையும் மறத்தலாகாது. 2024 டிசம்பரில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் அது பரவி உயிர்களையும் கொண்டுசென்றது. எலியின் சிறுநீர் கலந்த வெள்ள நீர், காலிலுள்ள சிறு புண்ணின் வழியே நோயைப் புகுத்தும். தேங்கிய நீரிற் காகிதக் கப்பல் விடுவது பிள்ளைகளின் பிறப்புரிமை என்பதை நாம் அறிவோம். கப்பல் முற்றத்து வாளியிலேயே ஓடட்டும். வயல் வெள்ளத்திலும் வாய்க்காலிலும் வெறுங்காலுடன் இறங்கவேண்டாம். குடாநாட்டுச் சுண்ணக்கல் நிலத்திற் கழிவுநீர் வெகு எளிதாகக் கிணற்றைச் சென்றடையும். ஆதலின் மாரியிற் கிணற்று நீரைக் கொதிக்கவைத்தே ஆற்றிக் குடியுங்கள். பாடசாலைக்கும் அந்நீரையே போத்தலிற் கொடுத்தனுப்புங்கள்.

வரும் திருநாட்கள்

விளக்கீட்டன்று வீட்டு வாயிலிலும் வளவிலும் விளக்கேற்றிப் பந்தம் நாட்டுவதும், கோயிலிற் சொக்கப்பனை கொளுத்துவதும் பிள்ளைகளுக்குப் பேரின்பம். பருத்தியாடை உடுத்தி, பெரியோர் ஒருவர் அருகிருக்க விளக்கேற்றச் செய்யுங்கள். தீப்பட்டால் ஓடும் குளிர்நீரில் இருபது நிமிடம் பிடிக்க வேண்டும். பற்பசையும் நெய்யும் பூசலாகாது.

கார்த்திகைப் பூரணையின் மறுநாள் தொடங்கி இருபத்தொரு நாள் கோயில்களிற் பிள்ளையார் கதை படிக்கப்படும். படிப்பவர் அருகிற் பிள்ளையை அமர்த்துங்கள். பொருள் முழுதும் விளங்காவிடினும் தமிழோசை செவியில் ஏறும். மார்கழியில் திருவெம்பாவைப் பத்து நாட்களும் விடியற்புறத்திற் சங்கும் சேமக்கலமும் ஒலிக்கச் செல்லும் கூட்டத்துடன் போக விரும்பும் பிள்ளைகளைத் தடுக்க வேண்டாம். வெண்ணிற ஆடை உடுத்தி, தலையை மூடி, ஒரு மின்சூளுடன், மூத்தோர் கைபிடித்துச் செல்லட்டும். அன்று இரவு நேரத்தோடு உறங்கச் செய்வது பெற்றார் கடன்.

நத்தாரை ஒட்டிப் பாடசாலைகளில் ஒளிவிழா நடைபெறும். சைவப் பிள்ளை இடையனாகவும் கிறிஸ்தவப் பிள்ளை பொங்கல் விழாவிற் கோலமிடுபவளாகவும் நிற்கும் மேடையைவிடச் சிறந்த பாடம் எந்நூலில் உண்டு? ஆனால் ஒரு சொல்: விழாவுக்கென ஆடையணிக்குப் பணம் திரட்டும்போது, கொடுக்க இயலாத வீட்டின் பிள்ளை வேடம் இழக்கலாகாது. தாயின் பழஞ்சேலையும் வெள்ளைப் போர்வையும் இடையர்க்கும் தேவதூதர்க்கும் போதுமானவை. ஜனவரி நடுவில் தைப்பொங்கலும் மறுநாள் பட்டிப்பொங்கலும் வரும். அதனைத் தொடர்ந்து இல்ல விளையாட்டுப் போட்டிகளுக்கான பயிற்சிகள் தொடங்கும்.

புது வகுப்பை நோக்கி

2020ஆம் ஆண்டின் கொள்ளைநோய்க்குப் பின் பாடசாலைத் தவணை நாட்கள் பலமுறை மாறியுள்ளன. அயலார் சொல்வதை நம்பாது பாடசாலையின் அறிவித்தலையே கேட்டு நடவுங்கள். தேர்ச்சி அறிக்கை கைக்கு வந்ததும் புள்ளிகளைக் கூட்டிப் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுதல் வேண்டா. ஆசிரியர் எழுதிய குறிப்பை முதலில் வாசியுங்கள். எதில் உதவி வேண்டும் என்பது அதிற்றான் இருக்கும். விடுமுறையில் நாள்தோறும் கால் மணி நேரம் உரக்க வாசித்தால் எழுத்துக்கூட்டும் பிள்ளை சொற்கூட்டும். முதலாம் தரத்திற் காலடி வைக்கவிருக்கும் பிள்ளைக்குச் சப்பாத்து வாரைக் கட்டவும், தன் பெயரும் ஊரும் சொல்லவும், "எனக்கு உதவி வேண்டும்" என்று கேட்கவும் இப்போதே பழக்குங்கள்.

இறுதியாக, அந்தச் சிறுவனின் செய்தியையும் சொல்லிவிடுகின்றோம். அன்று அவ்வழி வந்த ஆசிரியை ஒருவர் அவனைக் கண்டார். ஒன்றும் பேசாது தோளில் கைபோட்டு வகுப்புக்கு அழைத்துச் சென்றார். அலுவல் முடிந்து நாம் திரும்பும்போது யன்னலூடே பார்த்தோம். அவனுடைய சட்டை நாற்காலி ஒன்றின் முதுகிற் காய்ந்துகொண்டிருந்தது. ஆசிரியையின் குளிர்மேலாடையைப் போர்த்துக்கொண்டு அவன் கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தான்.

மாரி பெய்யட்டும், குளங்கள் நிறையட்டும். எந்த வகுப்பிலும் ஓர் இருக்கையேனும் மழையினால் வெறுமையாய்க் கிடவாதிருக்க நாம் அனைவரும் பார்த்துக்கொள்வோமாக.