பழைய சரிகைக்காரர் சொல்லும் விலை

"பழைய பட்டுப்புடவை, கிழிஞ்ச பட்டுப்புடவை வாங்குறது!" ஒலிபெருக்கி கட்டிய வண்டியிலிருந்து வரும் இந்தக் குரலைக் கேட்காத ஊர் தமிழ்நாட்டில் குறைவு. கூப்பிட்டதும் வந்து உட்காருகிறவர் புடவையின் நிறத்தைக் கவனிப்பதில்லை. முந்தானையில் இருப்பது மயிலா மாங்காயா என்பதும் அவருக்கு வேண்டாம். கரையிலிருந்து ஓர் இழையை உருவி, உரசிப் பார்த்து, ஒரு தொகையைச் சொல்வார். முகூர்த்தத்துக்கு இருபதாயிரம், முப்பதாயிரம் கொடுத்து எடுத்த கூறைப்புடவைக்கு இவ்வளவுதானா என்று வீட்டில் எல்லாரும் முகத்தைப் பார்த்துக்கொள்வார்கள்.

அவர் மேல் கோபப்படுவதில் நியாயமில்லை. அவருக்கு வேண்டியது சரிகையில் உள்ள வெள்ளி. அதற்குத்தான் விலை சொல்கிறார்.

திருவண்ணாமலை மாவட்டத்தில் ஆரணியை அடுத்த தேவிகாபுரம், பெரியநாயகி அம்மன் கோயிலாலும் பட்டுத் தறிகளாலும் பெயர் பெற்ற ஊர். ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் உண்டு. இந்த வட்டாரத்துக்குக் கல்யாணப் பட்டு எடுக்க வரும் குடும்பங்களில் இரண்டு கட்சிகள் இருக்கும். பெண்ணுக்கு மனசுக்குப் பிடித்த நிறம்தான் முக்கியம் என்பது ஒரு கட்சி. "சரிகை கெட்டியா இருக்கிறதைப் பாரு, நாளைக்கு வித்தாலும் காசு" என்பது பெரியவர்கள் கட்சி. இரண்டு பக்கமும் பாதி சரி, பாதி தவறு.

அசல் சரிகை என்பது சிவப்புச் சாயம் ஏற்றிய பட்டு நூலின் மேல், தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதற்குத் தங்க முலாம் பூசியது. காஞ்சிபுரம் பட்டைப் பற்றிய பேச்சில் நீண்ட காலம் அடிபட்ட அளவு 57 விழுக்காடு வெள்ளி, 0.6 விழுக்காடு தங்கம். 1971இல் தொடங்கிய அரசு நிறுவனமான தமிழ்நாடு சரிகை ஆலை அறிவித்த விகிதத்தில் வெள்ளி 40, செம்பு 35.5, பட்டு 24, தங்கம் 0.5 விழுக்காடு. ஆக, "ஒரிஜினல் சரிகை" என்று கடைக்காரர் சொன்னாலும், எந்த ஒரிஜினல் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

ஒரு கணக்குப் போடலாம். புடவையில் 100 கிராம் சரிகை இருப்பதாக வைத்துக்கொள்வோம். 40 விழுக்காடு என்றால் 40 கிராம் வெள்ளி. கணக்குக்காகக் கிராம் நூறு ரூபாய் என்று வைத்தால் நாலாயிரம் ரூபாய். அதிலும் எரித்து உருக்கும் செலவு, சேதாரம், வியாபாரியின் லாபம் போகும். வெள்ளி விலை ஏறினால் இந்தத் தொகையும் ஏறும், உண்மைதான். ஆனால் அந்த ஏற்றம் வேண்டுமென்றால் வெள்ளிக் கட்டியையே வாங்கிவிடலாமே! அதற்கு நெசவுக்கூலி கிடையாது, கடை வாடகையும் கிடையாது.

பழைய சரிகைக்காரர் ஒரு காசும் தராத பகுதிதான் புடவையில் பெரியது. பாவு ஓட்டி, அச்சில் பிணைத்து, ஜக்கார்டு அட்டை போட்டு, குழித்தறியில் கால் மிதித்து, கரையை உடலோடு இணைக்கும் கோர்வைக்கு இன்னொரு ஆளை வைத்துக்கொண்டு நெய்த உழைப்பு அது. நுணுக்கமான புடவை என்றால் பத்து நாள், பதினைந்து நாள் இழுக்கும். அந்த நாட்களுக்கு மறுவிற்பனையில் மதிப்பு பூஜ்யம். 2008 ஜனவரியில் சென்னை சில்க்ஸின் 'விவாஹ பட்டு' ஏறத்தாழ 39 லட்சம் ரூபாய்க்கு விற்று, உலகிலேயே விலை உயர்ந்த புடவை என்று கின்னஸில் ஏறியது. ரவி வர்மாவின் ஓவியங்களை நெசவில் கொண்டுவந்த புடவை அது. அதையும் எடைத் தராசில் வைத்து யாரும் வாங்கியிருக்க மாட்டார்கள்.

அப்படியானால் பிடித்ததை எடுத்துக்கொண்டு போய்விடலாமா? அங்கேதான் சிக்கல். உணர்ச்சி பொங்கும் இடத்தில் ஏமாற்றுவது சுலபம். செம்புக் கம்பியைப் பாலியஸ்டர் நூலில் சுற்றிய சரிகையும் டியூப் லைட் வெளிச்சத்தில் தங்கம்போலத்தான் மின்னும். அதை எடுப்பது குற்றமில்லை, அந்த விலைக்குத் தந்தால். அசல் சரிகையின் விலையைக் கொடுத்துவிட்டு வருவதுதான் நஷ்டம். ஆக, சரிகையின் தரம் என்ற கேள்வி என்றோ விற்கப்போகும் நாளுக்கானதல்ல. வாங்கும் நாளிலேயே கேட்க வேண்டியது அது.

மேல்நாட்டில் பழைய மோட்டார் படகு வாங்குகிறவர்களும் ஆசையில் மயங்குகிறவர்கள்தான். ஆனாலும் பணத்தைக் கொடுக்குமுன் தனி சர்வேயரை அழைத்து அடிப்பலகை முதல் இன்ஜின் வரை சோதிக்கச் சொல்வார்கள். நம் ஊரில் தங்க நகைக்கு ஹால்மார்க் 2021 முதல் படிப்படியாகக் கட்டாயமாகிவிட்டது. தங்கமும் வெள்ளியும் கலந்த புடவைக்கு மட்டும் அப்படி ஒரு கட்டாயம் இல்லை. மத்திய பட்டு வாரியத்தின் 'சில்க் மார்க்' நூல் பட்டுதானா என்பதைச் சொல்லும். சரிகையைப் பற்றி அது வாய் திறக்காது. நகைக்கடைகளில் உலோக விகிதம் பார்க்கும் எக்ஸ்ரே கருவியால் சரிகையையும் பார்க்க முடியும், ஓர் இழையைக்கூடப் பிய்க்க வேண்டாம்.

விற்கலாம் என்ற நினைப்பில் பீரோவில் பூட்டி வைப்பது இன்னொரு வேடிக்கை. மாதக்கணக்கில் ஒரே மடிப்பில் கிடந்தால் பட்டு அந்த மடிப்பிலேயே இற்றுப்போகும். அந்துருண்டை பட்டால் சரிகை கறுக்கும். மடிப்பை மாற்றி வைத்து, அவ்வப்போது எடுத்து உடுத்தி, கடைசியில் பேத்திக்குப் பாவாடை தைத்துப் போடுகிற பாட்டிதான் கொடுத்த காசை முழுதாக வசூல் செய்கிறவர்.

எனவே தேவிகாபுரம் பக்கமோ, காஞ்சிபுரமோ, திருபுவனமோ, எங்கே பட்டு எடுத்தாலும் பில்லில் மூன்று விவரங்களை எழுதித் தரச் சொல்லுங்கள்: சரிகையின் எடை, அதில் வெள்ளி எத்தனை விழுக்காடு, கைத்தறியா விசைத்தறியா. எழுதித் தரத் தயங்கும் கடையில், நிறம் எவ்வளவு பிடித்திருந்தாலும், புடவையை மடித்து வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள்.