தொலைவு மட்டும் இலக்கல்ல

தேசிய குவாண்டம் இயக்கத்துக்கு மத்திய அமைச்சரவை 2023 ஏப்ரலில் ரூ.6,003.65 கோடி ஒதுக்கியது. நகரங்களுக்கிடையே 2,000 கி.மீ. தொலைவுக்கு, செய்திகளைப் பூட்டித் திறக்கும் ரகசியச் சாவிகளை ஒளித்துகள்களான ஃபோட்டான்கள் வழியே அனுப்புவது அதன் இலக்குகளில் ஒன்று. ஆனால், அந்தத் தொலைவைத் தீர்மானிப்பவை லேசர், ஒளியிழை, ஒளியுணரி போன்ற பாகங்களே. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையிலான சுமார் 45 கி.மீ. தொலைவை எடுத்துக்கொள்வோம். தரமான ஒளியிழையிலும் கிலோமீட்டருக்கு 0.2 டெசிபெல் இழப்பு உண்டு. எனவே, அனுப்பும் ஃபோட்டான்களில் எட்டில் ஒன்றுதான் மறுமுனை சேரும். 100 கி.மீ.யில் நூற்றில் ஒன்று, 300 கி.மீ.யில் பத்து லட்சத்தில் ஒன்று. வழக்கமான தொலைத்தொடர்பில் வழியில் பெருக்கி வைத்து இதை ஈடுகட்டலாம். இங்கே முடியாது. தனி ஃபோட்டானின் அறியப்படாத நிலையை நகலெடுக்க முடியாது என்பது இயற்கை விதி. ஒட்டுக்கேட்பவரைக் காட்டிக்கொடுப்பதும் அதே விதிதான். ஆகவே, வந்து சேரும் சொற்ப ஃபோட்டான்களைத் தவறவிடாத உணரி தேவை. இத்தகைய உணரிகளில் மிகச் சிறந்தவை மைனஸ் 270 டிகிரி செல்சியஸை ஒட்டிய குளிரில்தான் இயங்கும் மீக்கடத்திக் கம்பிகள்.

2022 பிப்ரவரியில் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓவும் டெல்லி ஐஐடியும் பிரயாக்ராஜ் – விந்தியாச்சல் இடையே, ஏற்கெனவே பதிக்கப்பட்டிருந்த ஒளியிழையில் 100 கி.மீ.க்கும் அதிகமான தொலைவுக்குச் சாவி அனுப்பிக் காட்டின. அடுத்த கேள்வி, எல்லாப் பருவங்களிலும் அது தாக்குப்பிடிக்குமா என்பது. மின்கம்பத்தில் தொங்கும் இழை காற்றில் ஆடினால் ஒளியின் தளவிளைவு (அலை அதிரும் திசை) மாறும். தளவிளைவில் தகவலைப் பொதிந்து அனுப்பினால் பிழை பெருகும். 2011இல் தானே புயல் புரட்டிப்போட்ட கடலூர்க் கடற்கரையைவிட இதைச் சோதிக்கப் பொருத்தமான இடம் எது? இயக்கத்தின் குவாண்டம் தொடர்பியல் மையம் சென்னை ஐஐடியில் இருக்கிறது. 1929இல் தொடங்கப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சிதம்பரத்தில் இருக்கிறது. இரண்டையும் இணைத்து ஒரு களச் சோதனைத் தடம் அமைக்கலாம்.

குவாண்டம் கணினியாலும் உடைக்க முடியாதவையாகக் கருதப்படும் கணித மறையாக்க முறைகளை அமெரிக்காவின் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2024 ஆகஸ்டில் தரநிலைகளாக வெளியிட்டுவிட்டது. மென்பொருளே போதுமே என்பார்கள். வங்கிக்கும் கைபேசிக்கும் அது போதலாம். ஆனால், தொலைவிலுள்ள குவாண்டம் கணினிகளையும் உணர்கருவிகளையும் இணைக்க மென்பொருளால் ஆகாது. ஃபோட்டான்தான் போய்ச் சேர வேண்டும். மாவட்டப் பல்கலைக்கழகத்தால் இந்தக் களச் சோதனை ஆகுமா என்ற ஐயமும் எழும். சிப் தயாரிக்கும் ஆலையை யாரும் அங்கே கேட்கவில்லை. பாகங்களை அளவிடுவது, இழையோடு பொருத்துவது, வெயிலிலும் உப்புக்காற்றிலும் சோதிப்பது ஆகியவற்றுக்குப் பயிற்சியும் ஓர் ஆய்வகமும் போதும். இந்தத் திறன் உள்ளூரில் வளராவிட்டால், இலக்கை எட்டிய பிறகும் பழுதான ஒவ்வோர் உணரிக்கும் வெளிநாட்டையே எதிர்பார்த்திருப்போம். இயக்கத்தின் நிதியில் ஒரு பங்கைப் பாகங்களின் களச் சோதனைக்கென்றே ஒதுக்க வேண்டும்.