எந்தச் சட்டத்தில் வருகிறீர்கள்?

ரயில்வே தனக்கான மின்பாதையைத் தானே போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டால், போட்டுக்கொள்ளலாம் என்பதுதான் பதில். 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 11-வது பிரிவு அந்த அதிகாரத்தைக் கொடுக்கிறது. உத்தரப் பிரதேச மின்வாரியம் இதை எதிர்த்து மல்லுக்கு நின்ற வழக்கில், 2012-ல் உச்ச நீதிமன்றமும் ரயில்வே பக்கமே தீர்ப்புச் சொன்னது. ஆகவே "உங்களுக்கு உரிமையே கிடையாது" என்று வரப்பில் நின்று சத்தம் போடுவதால் நமக்குப் பலன் இல்லை. நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு.

ரயில் மின்சாரத்தில் ஓடுவதில் எனக்கு மகிழ்ச்சிதான். டீசல் புகையைவிட அது மேல். தண்டவாளத்துக்கு மேலே ஓடும் கம்பியில் இருப்பது 25,000 வோல்ட். அந்தக் கம்பிக்கு மின்சாரம் ஊட்ட, பாதையோரம் ஆங்காங்கே ரயில்வேயின் துணை மின்நிலையங்கள் இருக்கின்றன. நம்மூரில் அவற்றுக்கு 1,10,000 வோல்ட் பாதை வருகிறது. தண்டவாளம் ரயில்வே நிலத்தில் ஓடுகிறது, யாருக்கும் தொந்தரவில்லை. ஆனால் பெரிய மின்நிலையத்திலிருந்து அந்தத் துணை மின்நிலையம் வரை வரும் பாதை இருக்கிறதே, அது வருவது தென்னந்தோப்பு வழியாக, மஞ்சள் காடு வழியாக. சண்டை அங்கேதான்.

11-வது பிரிவை ரயில்வே அதிகாரிகள் சொல்லும்போது முதல் பாதியை மட்டும்தான் சொல்வார்கள். "வேறு எந்தச் சட்டத்தில் என்ன சொல்லியிருந்தாலும்" ரயில்வே இன்னின்ன வேலைகளைச் செய்யலாம் என்று அது தொடங்குகிறது. அந்தப் பட்டியலில் மின் வழங்கல் அமைப்புகளும் இருக்கின்றன. ஆனால் அதே வாக்கியத்தில், பொதுக் காரியத்துக்கு நிலம் எடுக்கும் சட்டங்களுக்கு உட்பட்டுத்தான் இதைச் செய்யலாம் என்றும் இருக்கிறது. மின்வாரியத்தின் உரிமம் வேண்டாம் என்பது வேறு, நிலத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டாம் என்பது வேறு. முதலாவதைத்தான் ரயில்வே நீதிமன்றத்தில் வென்றது. என் பட்டா நிலத்தில் கோபுரத்தின் நான்கு கால்களை நிரந்தரமாக ஊன்ற வேண்டுமென்றால், அந்த இடத்தை முறையாகக் கையகப்படுத்தி, 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி விலை கொடுத்துவிட்டு ஊன்றட்டும். அந்த வாக்கியத்தை நான் அப்படித்தான் படிக்கிறேன்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ரயில்வேக்கான பாதையை எல்லா இடத்திலும் ரயில்வேயே போடுவதில்லை. ரயில்வே பணம் கட்ட, மாநில மின்தொடரமைப்புக் கழகம் போட்டுக்கொடுப்பதும் உண்டு. மத்திய அரசின் பவர்கிரிட் வருவதும் உண்டு. வயலில் இறங்கும் ஆட்கள் யாராக இருந்தாலும் ஒரே மாதிரிதான் இருப்பார்கள்: அளவு நாடா, சிவப்புப் பெயிண்ட், ஒப்பந்தக்காரரின் ஜீப். சட்டம் மட்டும் ஒன்றல்ல. மின்தொடரமைப்புக் கழகம் வந்தால் பின்னால் நிற்பது மின்சாரச் சட்டமும், அதன் வழியாக 1885-ஆம் ஆண்டு தந்திச் சட்டமும். அதன்படி நிலம் நம் பெயரிலேயே இருக்கும், அவர்களுக்குப் பயன்பாட்டு உரிமை மட்டும். சேதத்தைக் குறைவாகச் செய்ய வேண்டும், முழு இழப்பீடு தர வேண்டும். தொகை போதவில்லையென்றால் மாவட்ட நீதிபதியிடம் போகலாம். அந்த இழப்பீட்டுக்கு மத்திய மின் அமைச்சகம் 2015-ல் ஒரு கணக்கு வகுத்தது: கோபுர இடத்துக்கு நில மதிப்பில் 85 சதவீதம், கம்பிக்குக் கீழே உள்ள நிலத்துக்கு அதிகபட்சம் 15 சதவீதம். 2024 ஜூனில் அதை முறையே 200 சதவீதம், 30 சதவீதம் என்று உயர்த்தியது. வழிகாட்டுதல்தான், மாநிலம் ஏற்றுக்கொண்டால்தான் மாநிலப் பாதைகளுக்குப் பொருந்தும்.

ரயில்வே சட்டத்தில் இந்தச் சதவீதக் கணக்கு எதுவும் கிடையாது. அதன் 15-வது பிரிவு, உரிமையியல் வழக்குப் போட முடியாது என்று முதலில் கதவைச் சாத்துகிறது. அடுத்த வரியிலேயே இன்னொரு கதவைத் திறக்கிறது: சேதத்துக்கு ரயில்வே பணம் தந்தே ஆக வேண்டும், தகராறு வந்தால் அதை மாவட்ட நீதிபதிக்கு அனுப்ப வேண்டியது ரயில்வேயின் வேலை, 60 நாளில் அனுப்பாவிட்டால், அனுப்பச் சொல்லி ஆணையிடும்படி நாமே மாவட்ட நீதிபதியிடம் மனுப் போடலாம். ஆனால் இந்தப் பிரிவைக் காட்டிக் கேட்கும் உழவர் எத்தனை பேர்?

110 கிலோவோல்ட் பாதைக்கு விட வேண்டிய அகலம் 22 மீட்டர். உங்கள் காட்டில் 100 மீட்டர் நீளம் கடந்து போனால், ஏறக்குறைய 54 சென்ட் கம்பிக்குக் கீழே போய்விடும். ஏக்கர் 30 லட்சம் என்று வைத்துக்கொண்டால் அதன் மதிப்பு 16 லட்சத்துக்கு மேல். 30 சதவீதம் என்றால் சுமார் 4 லட்சத்து 86 ஆயிரம், பழைய 15 சதவீதம் என்றால் அதில் பாதி. ரயில்வே சட்டத்தில் என்றால் நீங்கள் எதை நிரூபிக்கிறீர்களோ அதுதான். ஒரே கம்பி, ஒரே காடு, வருபவர் யார் என்பதைப் பொறுத்து மூன்று தொகை. இது நியாயமே இல்லை. குறைந்தது 2024 கணக்கையாவது ரயில்வே வாரியம் தன் பாதைகளுக்கும் எழுத்தில் ஏற்க வேண்டும் என்று இயக்கம் கேட்க வேண்டும்.

வங்கிக்காரன் பார்வையில் இன்னொன்று. பயன்பாட்டு உரிமை மட்டும் என்பதால் வில்லங்கச் சான்றில் இந்தப் பாதை வராது. காகிதத்தில் நிலம் சுத்தம். ஆனால் அடமானத்துக்கு மதிப்பீட்டாளர் நேரில் வந்து நிமிர்ந்து பார்த்ததும் மதிப்பு இறங்கிவிடும்.

இயற்கை விவசாயிக்கு அடி இன்னும் அதிகம். ஒரு பருவத்து நெல்லுக்கு விலை போடத் தெரிந்தவர்களுக்கு, பத்து வருடம் மூடாக்கும் பலதானியமும் போட்டு ஏற்றிய மண்ணுக்கு விலை போடத் தெரியாது. கோபுரக் குழி தோண்டும்போது அடியில் கிடந்த சுக்கான் மண் மேலே வந்துவிடும். கனரக வண்டி ஓடிய இடம் பாறையாக இறுகிவிடும். உயிர்வேலியில் நின்ற மலைவேம்பும் வரப்புத் தென்னையும் ஒருமுறை வெட்டினால் வெட்டியதுதான், அந்த இடத்தில் உயரமான மரம் மறுபடி வளர்க்க விடமாட்டார்கள். அதனால் அளவுக் கல் நடுவதற்கு முன்பே, கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கலில் எல்லாப் பயிரையும் மரத்தையும் ஏற்றச் சொல்லுங்கள். ஊடுபயிரை விட்டுவிட்டு ஒரே பயிரை எழுதிக்கொண்டு போவது வழக்கம், விடாதீர்கள். மேல்மண்ணைத் தனியே எடுத்துவைத்து மேலேயே போட வேண்டும், அறுவடை முடிந்தபின் இறங்க வேண்டும் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

நிலத்துக்கடியில் கேபிளாகக் கொண்டு போகக் கூடாதா என்று மேற்கு மாவட்ட உழவர்கள் கோபுரப் போராட்டத்தில் கேட்டபோது, முடியாது என்றார்கள். புகளூரிலிருந்து திருச்சூர் போகும் பாதை கேரளத்தில் வடக்கஞ்சேரிக்கு அப்பால் 27 கிலோமீட்டர் போல நிலத்துக்கடியில்தான் போகிறது. செலவு பல மடங்கு, ஒப்புக்கொள்கிறேன். அந்தச் செலவு மிச்சமாவது யார் நிலத்தில் என்பதுதான் கேள்வி. அதிலும் ரயில்வேக்குத் தண்டவாளத்தின் இருபுறமும் சொந்த நிலம் இருக்கிறது. கூடியவரை அதன் ஓரமாகவோ சாலையோரமாகவோ வரட்டும். வயலுக்குக் குறுக்கே வருவது கடைசி வழியாக இருக்கட்டும்.

ஆகவே ஆட்கள் வந்து நின்றால் மோர் கொடுத்து உட்கார வைத்து, கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்: எந்தச் சட்டத்தில் வருகிறீர்கள், எந்தப் பிரிவு, ஆணை எங்கே? வாய்ப்பேச்சு வேண்டாம், கடிதம் வேண்டும். தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டுப் பாதை வரைபடமும் ஆணை நகலும் கேளுங்கள். ரயில்வே, மின்தொடரமைப்புக் கழகம் இரண்டுமே அதற்குக் கட்டுப்பட்டவை, 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும்.